கார் கதவில் வெள்ளி ஷீட் ஒட்டினால் ரோட்டுச் சத்தம் போய்விடுமா?

புதுச்சேரியிலோ கடலூரிலோ எந்தக் கார் அக்சஸரீஸ் கடையில் ஏறி "உள்ளே சத்தம் அதிகமா வருது" என்று சொன்னாலும், கிடைக்கிற பதில் அநேகமாக ஒன்றுதான்: "டேம்பிங் ஷீட் ஒட்டிடலாம் சார், கண்ணாடிய ஏத்திட்டா வெளியில என்ன நடக்குதுன்னே தெரியாது." கதவுத் தகட்டின் உள்பக்கம் ஒட்டுகிற அந்த வெள்ளி நிற ஷீட் நல்ல பொருள்தான். அது செய்கிற வேலையும் உண்மையான வேலைதான். ஆனால் அது செய்யாத வேலைக்கும் சேர்த்து அதன் பேரில் காசு வாங்கிவிடுகிறார்கள். நான்கு கதவுக்கும் ஒட்டிக்கொண்டு போனவர், முள்ளோடையைத் தாண்டி கடலூர் ரோட்டில் எண்பதில் போகும்போது, 'பெரிசா ஒண்ணும் குறையலையே' என்று யோசிக்க ஆரம்பிப்பார். கதவு மட்டும் விலை உயர்ந்த கார் மாதிரி 'டப்' என்று மூடும்.

கதவு மாறியது, சத்தம் மாறவில்லை. இது ஏன் என்று புரிந்துகொண்டால் எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம் என்பது பிடிபட்டுவிடும். பெரிய இயற்பியல் எதுவும் தேவையில்லை.

## கீழே விழுந்த தட்டு

ஒரு எவர்சில்வர் தட்டு சிமெண்ட் தரையில் விழுகிறது. 'ணங்ங்ங்' என்று அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டே இருக்கும். குனிந்து கையை அதன் மேல் வைத்தால் சத்தம் அந்த நொடியே அறுந்துபோகும். கை அங்கே எதையும் மூடி மறைக்கவில்லை. தட்டின் அதிர்வைத் தான் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். இரும்புத் தகடு வளைந்தால் வளைந்த அதே வேகத்தில் திரும்பி வரும்; அதனால்தான் அது மணிபோல ஒலிக்கிறது. கைச்சதை அப்படித் திரும்பி வராது. வாங்கின அசைவைத் தனக்குள்ளேயே தேய்த்து, துளி வெப்பமாக ஆக்கிவிடும்.

காரின் கதவு, கூரை, தரை, டிக்கி எல்லாமே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள இரும்புத் தகடுகள்தான். ஒவ்வொரு தகட்டுக்கும் அதன் அளவையும் வளைவையும் பொறுத்து, தானாக அதிரப் பிடிக்கிற சில வேகங்கள் உண்டு. வெளியிலிருந்து வருகிற அதிர்வு அந்த வேகத்தோடு பொருந்திவிட்டால், சின்ன தூண்டுதலுக்கே தகடு பெரிதாக ஆடும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். கார் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்போது மட்டும் உள்ளே 'உம்ம்' என்று ஒரு முழக்கம் எழுந்து, அதைத் தாண்டியதும் அடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். பல நேரம் காரணம் இதுதான்.

டேம்பிங் ஷீட் என்பது தகட்டின் மேல் நிரந்தரமாக வைத்த கை. ஒரு பக்கம் ப்யூட்டைல் என்ற பிசுபிசுப்பான ரப்பர், சாதாரணமாக 2 மில்லிமீட்டர் தடிமன். அதன் மேல் அலுமினியத் தாள். தாள் பளபளப்புக்காக ஒட்டினது இல்லை. கீழே தகடு வளையும்போது மேலே அலுமினியம் அந்த அளவுக்கு இழுபட மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு இழுபட்டு, அதிர்வை வெப்பமாகச் செலவழிக்கிறது. அலுமினியம் இல்லாத வெறும் ரப்பரும் வேலை செய்யும். ஆனால் அதே பலனுக்கு நிறைய தடிமன் வேண்டும். இந்த வேலையைத்தான் டேம்பிங், அதாவது அதிர்வைத் தணித்தல் என்கிறோம்.

இனி அந்தத் தட்டையே வேறு மாதிரி சோதியுங்கள். பக்கத்தில் மிக்ஸி ஓடுகிறது. தட்டைக் கையால் நன்றாக அழுத்திப் பிடித்து முகத்துக்கு முன்னால் தடுப்பாக வைத்துக்கொண்டால் மிக்ஸி சத்தம் நிற்குமா? நிற்காது. தட்டு அதிரவில்லை என்பது உண்மை. ஆனால் சத்தம் தட்டிலிருந்து கிளம்பவில்லையே, காற்று வழியாக அல்லவா வருகிறது!

இதுவரை சொன்னது: டேம்பிங் ஷீட், தான் ஒட்டியிருக்கும் தகடு அதிர்வதால் எழும் சத்தத்தைக் குறைக்கும். காற்றில் வரும் சத்தத்துக்கு அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

## டயரிலிருந்து காதுக்கு

எண்பதில் போகும்போது கேட்கிற அந்த 'ஹோ'வென்ற இரைச்சலில் பெரும்பங்கு டயருடையது. டயரின் மேற்பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகள் ஒவ்வொன்றாகச் சாலையில் அடிபடுகின்றன. கட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் சிக்கிய காற்று நசுங்கி வெளியே பீய்ச்சுகிறது. சாலையின் சொரசொரப்பு டயரையே அதிரவைக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்தச் சத்தம் ஏறக்குறைய 9 முதல் 12 டெசிபல் கூடும். டெசிபல் என்பது ஒலியின் அளவு. அதில் 10 கூடினால் நம் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். ஊருக்குள் நாற்பதில் அமைதியாக இருக்கிற கார், தவளக்குப்பம் தாண்டி வேகமெடுத்ததும் ஏன் அப்படி இரைகிறது என்பதற்கு இதுவே பதில்.

இந்தச் சத்தம் இரண்டு வழியாக உள்ளே வருகிறது. ஒன்று உடல் வழி: டயரின் அதிர்வு சஸ்பென்ஷன் வழியாக ஏறி, காரின் சட்டத்துக்குப் போய், தரையையும் கதவையும் கூரையையும் அதிரவைக்கிறது. அந்தத் தகடுகள் ஸ்பீக்கர் மாதிரி உள்ளே ஒலிக்கின்றன. மற்றது காற்று வழி: டயர் பக்கத்தில் உண்டான சத்தம் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பகுதி), கதவு இடுக்கு, கண்ணாடி என்று கிடைத்த பாதையில் நேராக நுழைகிறது.

பொதுவாகச் சொன்னால் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனமான சத்தம் பெரும்பாலும் உடல் வழி. அதற்கு மேலே உள்ள மெல்லிய, கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் காற்று வழி. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. இது கோடு கிழித்தாற்போல் பிரிந்துவிடாது. ஆனாலும் காதை வைத்து ஊகிக்க இது போதும். 'உம்ம்', 'தட தட' என்றால் உடல் வழி. 'ஷ்ஷ்', 'ஈஈ' என்றால் காற்று வழி.

பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது 'டங்ங்' என்று சன்னமாக ஒரு ரீங்காரம் கேட்கும், கவனித்திருக்கிறீர்களா? அது டயருக்குள் அடைபட்ட காற்று ஒத்ததிர்வில் பாடுவது. பெரும்பாலான கார்களில் 200 முதல் 250 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். சில விலை உயர்ந்த டயர்களுக்குள் நுரைப் பட்டை ஒட்டி விற்பது இதைக் குறைக்கத்தான். கதவில் எத்தனை ஷீட் ஒட்டினாலும் இது முழுதாகப் போகாது, ஏனென்றால் பிறப்பிடம் சக்கரத்துக்குள் இருக்கிறது.

எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் 'இதுல டயர் சத்தம் ஜாஸ்தி' என்று சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. டயர் புதிதாகச் சத்தம் போட ஆரம்பித்துவிடவில்லை. இஞ்சின் சத்தம் அதுவரை அதை மூடி வைத்திருந்தது.

## தடுப்பதும் உறிஞ்சுவதும்

அதிர்வைத் தணிப்பது முதல் வேலை. இன்னும் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் வேறு வேறு பொருள் வேண்டும்.

காற்று வழிச் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும். கனமான, வளைந்துகொடுக்கிற ஒரு திரையை அசைப்பது ஒலிக்குக் கஷ்டம். தடுப்பின் எடையை இரண்டு மடங்காக்கினால், கணக்குப்படி சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கலாம். இதற்கு நிறை விதி என்று பெயர். கார்களில் இந்த வேலைக்குப் பயன்படுவது எடை ஏற்றிய வினைல்; எம்.எல்.வி. என்று கேட்டால் தெரியும். சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ எடையுள்ள ரகம் அதிகம் புழங்குகிறது. இதை நேராகத் தகட்டில் ஒட்டிவிட்டால் தகட்டோடு சேர்ந்து இதுவும் அதிரும். அதனால் நடுவில் மூடிய துளைகளுள்ள நுரை ஒன்றை மெத்தையாகப் போடுவார்கள். ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நுரை இந்த வகைதான்.

தடுப்பு என்று வந்துவிட்டால் இடுக்கு விடக்கூடாது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அது 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கிப் பாருங்கள், கணக்கே தேவையில்லை. இதனால்தான் பத்து வருடப் பழைய காரில் காய்ந்து சப்பிப்போன கதவு ரப்பரை மாற்றுவது, ஒரு கட்டு ஷீட்டைவிடப் பலன் தரலாம்.

மூன்றாவது வேலை உறிஞ்சுவது: உள்ளே வந்துவிட்ட சத்தம் சுவருக்குச் சுவர் எதிரொலிக்காமல் பஞ்சு, ஃபெல்ட், திறந்த துளை நுரை போன்றவற்றில் நுழைந்து அடங்குவது. இங்கேதான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. எந்த நுரையும் தன் தடிமனுக்கு ஏற்ற சத்தத்தைத்தான் உறிஞ்சும். 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம், அதாவது ஓர் அலையின் தொடக்கத்திலிருந்து அடுத்த அலையின் தொடக்கம் வரை உள்ள தூரம், சுமார் 11 சென்டிமீட்டர். அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நுரை போதும். 100 ஹெர்ட்ஸ் முழக்கத்துக்கு அலைநீளம் 3.4 மீட்டர். அதைப் பத்து மில்லிமீட்டர் நுரை ஒட்டி உறிஞ்சிவிடலாம் என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

ஆக மூன்று: தகடு அதிர்ந்தால் டேம்பிங் ஷீட். காற்றில் வந்தால் எடையும் இடுக்கில்லாத மூடலும். உள்ளே எதிரொலித்தால் பஞ்சு வகை. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

## கடைக்குப் போகும் முன்

முதலில் எந்தச் சத்தம் என்று கண்டுபிடியுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சத்தம் சட்டென்று குறைந்தால் அது இஞ்சின். குறையவில்லை, ஆனால் தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு ஏறியதும் தொனி மாறுகிறது என்றால் டயர். எந்த ரோட்டிலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறி, எதிர்க்காற்று அடித்தால் கூடுகிறது என்றால் வெளிக்காற்று காரில் மோதுகிற சத்தம். வண்டியை லேசாக இடம் வலம் திருப்பும்போது ஒரு பக்கம் மட்டும் 'கர்ர்' என்று கூடிக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம், வீல் பேரிங்கைக் காட்டுங்கள். பேரிங் போன வண்டிக்கு ஷீட் ஒட்டுவது ஆபத்தை மூடி வைப்பதுதான்.

டயரைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை முன்னோக்கித் தேய்த்தால் வழவழவென்றும் பின்னோக்கித் தேய்த்தால் ரம்பப் பல் மாதிரி தடுக்கியும் இருந்தால், டயர் கோணலாகத் தேய்ந்திருக்கிறது. அந்த டயர் ஊளையிடத்தான் செய்யும். காற்று அளவையும் பாருங்கள். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் அளவுதான் கணக்கு. டயர் எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால், சாலைச் சத்தத்துக்காக எடுத்துவைத்த பணத்தில் முதல் பங்கு அமைதியான டயருக்குப் போகட்டும் என்பது என் கருத்து. நல்ல டயர்களில் கட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. வேண்டுமென்றே சிறிதும் பெரிதுமாக அமைத்திருப்பார்கள். ஒரே சீராக அடிபட்டால் ஒரே சுருதியில் கீச்சிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

கதவு ரப்பருக்கு ஒரு சோதனை: ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, வெளியே இழுங்கள். பிடித்து இழுத்தாற்போல் வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்றும் வரும், மழை நாளில் தண்ணீரும் வரும்.

## எங்கே ஒட்டினால் பலன்

விரல் முட்டியால் கதவின் நடுவில் தட்டுங்கள். 'டொங்' என்றால் அங்கே ஷீட்டுக்கு வேலை இருக்கிறது. ஏற்கெனவே 'டப்' என்றால் அந்த இடம் வளைவாகவோ, கம்பெனியே ஏதாவது ஒட்டியதாகவோ இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கினால் தரையில் பாளம் பாளமாகத் தார் அட்டை மாதிரி தெரிவதும் கம்பெனி வைத்த டேம்பிங்தான்.

தகட்டை மூலைக்கு மூலை மூடவேண்டிய அவசியமில்லை. தட்டின் நடுவில் இரண்டு விரல் வைத்தாலே ஒலி அடங்கிவிடுகிறது அல்லவா? அதேபோல் தட்டையான பகுதியின் நடுவில் நாலில் ஒரு பங்கு மூடினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பாதி மூடினால் தாராளம். அதற்கு மேல் ஒட்ட ஒட்ட, செலவும் எடையும் ஏறுமே தவிர காதுக்கு ஒன்றும் தெரியாது. 2 மில்லிமீட்டர் ப்யூட்டைல் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ இருக்கும். காரெங்கும் முழுக்க மூடினால் இருபது கிலோவைச் சுலபமாகத் தாண்டும். 'ஃபுல் கவரேஜ்' என்று விற்பவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கதவை விட்டால் அடுத்த இடம் பின்பக்கம். சிறிய ஹேட்ச்பேக் கார்களில் டிக்கியும் பயணிகள் அறையும் ஒரே காற்றுவெளி. பின் வீல் ஆர்ச்சின் இரும்பும் ஸ்டெப்னி வைக்கும் பள்ளமும் நேராக உங்களுக்குப் பின்னால் ஒலிக்கின்றன. ஸ்டெப்னிப் பள்ளம் பெரிய மெல்லிய கிண்ணம்தான். தட்டிப் பாருங்கள், தெரியும். அங்கேயும் வீல் ஆர்ச்சின் உள்பக்கத்திலும் ஒட்டுவது முன் கதவுகளுக்கு அடுத்தபடியாகப் பலன் தரும், ஒட்டுவதும் சுலபம்.

கூரை வேறு கதை. ரோட்டுச் சத்தத்துக்கு அங்கே ஒட்டுவது அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் ஐப்பசி கார்த்திகை மழை நேராகக் கூரையில் அடிக்கும்போது எழும் 'தட தட'வுக்கு டேம்பிங் ஷீட்டைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. ஒவ்வொரு துளியும் தகட்டைத் தட்டுகிறது, ஷீட் அந்த அதிர்வை அங்கேயே அடக்குகிறது. பிரச்சினை, கூரையின் உள்துணியை இறக்கி ஏற்றுவது. பல கார்களில் ஓரங்களில் திரைபோல் விரியும் ஏர்பேக் இருக்கும், அதன் பாதையில் எதையும் திணிக்கக்கூடாது. பழகிய கை இல்லாவிட்டால் கூரையை விட்டுவிடுவதே மேல்.

## ஒட்டும்போது பார்க்க வேண்டியவை

டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க அட்டையை, கழற்றியதும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பிசினால் ஒட்டியிருக்கும். பலர் அதை வேண்டாத கழிவு என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் பார்த்துக்கொள்வது அந்தத் தாள்தான். அதை முழுதாகக் கழற்றி, முழுதாகத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். சில கார்களில் கதவுக்குள் காற்றழுத்தத்தை உணர்கிற சென்சார் இருக்கும். பக்கவாட்டில் மோதினால் ஏர்பேக்கை விரிக்கச் சொல்வது அது. அப்படிப்பட்ட கதவில் உள்தகட்டின் பெரிய துளைகளை இஷ்டத்துக்கு மூடக்கூடாது. உங்கள் காரில் அது உண்டா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

தகட்டைத் துடைப்பது சலிப்பான வேலை, ஆனால் பாதி வெற்றி அதில்தான். தூசியும் மெழுகும் எண்ணெயும் போக ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, காயவிட்டு, அப்புறம் ஒட்டவேண்டும். ஒட்டியபின் சின்ன ரோலரால் அழுத்தி உருட்டுவார்கள். பெரும்பாலான ஷீட்டுகளின் அலுமினியத்தில் வைர வடிவப் புடைப்புகள் இருக்கும். அந்தப் புடைப்பு தட்டையாகும்வரை உருட்டினால்தான் ரப்பர் தகட்டை முழுதாகப் பிடித்தது என்று அர்த்தம். கையால் தட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போனால், அடியில் காற்றுக் குமிழி நிற்கும். குமிழி இருக்கும் இடத்தில் டேம்பிங் கிடையாது.

பொருளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டு மாடியில் ஒழுகல் அடைக்க விற்கிற தார் ஷீட்டும் பார்க்க இதே மாதிரி வெள்ளியாகத்தான் இருக்கும், விலையும் குறைவு. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் தகடு 70 டிகிரியைத் தொடக்கூடியது. அந்தச் சூட்டில் தார் இளகும், வாடை அடிக்கும், செங்குத்தான கதவில் மெல்லக் கீழே சரியும். ஓரத்தை முகர்ந்து பாருங்கள். தார் ரோடு போடுகிற இடத்து வாடை வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

## கடலோரத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை

நம் ஊரில் சத்தத்தைவிடப் பெரிய எதிரி துரு. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்த ஊரில், தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிற எதையும் இரும்போடு ஒட்டி வைக்கக்கூடாது. திறந்த துளை நுரையைக் கதவுக்குள்ளேயோ வீல் ஆர்ச்சுக்குள்ளேயோ திணிப்பது, ஈரத் துணியைச் சுற்றி வைப்பதற்குச் சமம். கதவுக்குள் போவது மூடிய துளை நுரையாக மட்டும் இருக்கட்டும். ஃபெல்ட்டும் பஞ்சும் தண்ணீர் எட்டாத இடங்களில், அதாவது டிக்கியின் பக்கச் சுவர்களிலும் டேஷ்போர்டுக்கு உள்பக்கமும் மட்டும் போதும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி நின்ற காரில் கார்ப்பெட் மேலே காய்ந்துவிட்டதுபோல் தெரிந்தாலும், அடியில் இருக்கிற ஃபெல்ட் நாள்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் ஏறின வண்டியின் தரையில் ஷீட் ஒட்டுவதாக இருந்தால் கார்ப்பெட்டை முழுதாக வெளியே எடுத்து, ஃபெல்ட்டைக் காயவைத்து, துருப்புள்ளிகளைச் சுரண்டி பிரைமர் அடித்த பிறகுதான். துருவின் மேல் ஒட்டிய ஷீட் துருவைக் கண்ணிலிருந்து மறைக்கும், வளரவும் விடும். பழைய கார் வாங்குகிறவர்கள் பளிச்சென்று புது ஷீட் ஒட்டிய தரையைப் பார்த்தால் ஒரு மூலையைத் தூக்கிப் பார்ப்பதில் தப்பில்லை.

## வித்தியாசம் தெரிகிறதா என்று பார்ப்பது

வேலைக்கு முன்னும் பின்னும் போனில் இருக்கிற டெசிபல் ஆப்பில் அளக்கலாம். போன் காட்டுகிற எண்ணை நம்பவேண்டாம், இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அதே ரோட்டின் அதே துண்டு, அதே வேகம், அதே டயர்க் காற்று, ஏசி ஃபேன் நிறுத்தியிருக்க வேண்டும். போனைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பிடிக்கட்டும். ஒட்டியது டேம்பிங் ஷீட் மட்டும் என்றால் வித்தியாசம் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும், அதிலும் சின்ன எண்ணாக. மனம் தளரவேண்டாம். பெரும்பாலான ஆப்கள் மனிதக் காதின் போக்குக்கு ஏற்பக் கனமான சத்தங்களைக் குறைத்தே கணக்கிடுகின்றன. ஷீட் அடக்கியதோ அந்தக் கனமான முழக்கத்தைத்தான். எண்ணில் வராதது தலைவலி குறைவதில் தெரியலாம். பாட்டுக் கேட்பவர்களுக்குக் கதவு ஸ்பீக்கரின் பேஸ் இறுகி வருவதும் உடனே தெரியும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் இன்னொன்று: கதவுக் கண்ணாடியின் வெளி ஓரத்தில் ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கதவின் அடி விளிம்பில் இருக்கிற வடிகால் துளைகள் வழியாக அது கீழே சொட்டவேண்டும். சொட்டவில்லை என்றால் ஷீட்டோ பிசினோ துளையை அடைத்திருக்கிறது. பேடைத் திரும்பக் கழற்றச் சொல்லி, அதைச் சரிசெய்த பிறகு பணம் கொடுங்கள்.